பட்டியலில் ஒரு பெயர்

டேட்டன், ஒஹாயோ
8 செப்டம்பர் 2024

அன்பு ரக்கியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பல்கியும் நலம்தானே?

கடைசி அமெரிக்க விமானமும் அகாதெஸ் ட்ரோன் தளத்தை விட்டுக் கிளம்பிவிட்டதாக இங்கே டிவியில் சொன்னார்கள். ஆறு வருஷம் நான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக நின்ற இடம்.

கவலைப்படாதே. பயிற்சிக்காக என்னை இங்கே அழைத்து வந்தவர்கள், ஊரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் "திரும்பிப் போகாதே" என்று தடுத்தார்கள் அல்லவா? இப்போது அகதி என்று அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. உங்கள் இருவருக்கும் விசா மனு போட்டுவிட்டேன். தளத்தில் என் மேலதிகாரியாக இருந்த கேப்டன் வெண்டல் என் தோளில் கைபோட்டு, "மிஞ்சிப்போனா ஒரு வருஷம், சனூசி. உன் குடும்பம்னா எங்க குடும்பம்" என்றார்.

போனில் எதுவும் பேசாதே, ஒட்டுக் கேட்கிறார்கள். கடிதங்களை எல்லைக்கு அப்பால் கானோவில் இருக்கும் டான்ஜும்மா தன் லாரியில் கொண்டுவந்து தருவான்.

பல்கி எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள்? எழுது.

உன்
சனூசி

அகாதெஸ்
3 டிசம்பர் 2024

பல்கியின் பாபாவுக்கு,

ஸலாம். பல்கி என் காது உயரம் வந்துவிட்டாள். போன மாதம் பன்னிரண்டு முடிந்தது.

குழாயடிக்குப் போனால், "அமெரிக்காக்காரன் பொண்டாட்டி வர்றா, வழி விடுங்கடி! வானத்துலேர்ந்து எதையாவது எறக்கிடப் போறா" என்கிறார்கள். வேலை வாங்கித் தரச் சொல்லி உங்களிடம் வந்து நின்றவர்கள்தான்.

சீருடைக்காரர்கள் வந்து என் பெயரை ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டு போனார்கள். "உன் புருஷன் அங்கேருந்து என்ன கேக்கறான்?" என்றான் அதிகாரி. "மக எவ்வளவு வளந்திருக்கான்னு கேக்கறாரு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது. நம் ராணுவத்துக்குப் பயிற்சி தர வந்திருக்கிற ரஷ்யர்கள் தங்கியிருக்கிற வீட்டில் சமையல் வேலைக்குப் போகிறேன். வேறு யாரும் எனக்கு வேலை தரவில்லை.

இப்படிக்கு,
பல்கியின் அம்மா

டேட்டன்
16 பிப்ரவரி 2025

ரக்கியா,

உனக்கு வெட்கமாக இல்லையா? என்னை ஊரைவிட்டுத் துரத்தியவர்களின் கூட்டாளிகள் அவர்கள். அந்தத் தட்டுகளைக் கழுவிய கையால் என் மகளுக்குச் சோறு போடாதே. நாளைக்கே நின்றுவிடு.

கேப்டனுக்கு வேறு ஊரில் வேலையாகிவிட்டது. என் போனை எடுப்பதில்லை. வேலை அதிகமாக இருக்கும். அமெரிக்கர்கள் சொன்ன சொல்லை விட மாட்டார்கள்.

சனூசி

அகாதெஸ்
10 ஏப்ரல் 2025

பல்கியின் பாபாவுக்கு,

வேலையை விடவில்லை.

போனவர்கள் பல்கிக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். வந்தவர்களும் கொடுக்கிறார்கள். எந்தத் தெருவில் எவன் எவனோடு பேசுகிறான் என்று போனவர்கள் உங்களிடம் கேட்டார்கள். வந்தவர்கள் அதையே இன்னொருவனிடம் கேட்கிறார்கள். நான் வெங்காயம் நறுக்குகிறேன், அவ்வளவுதான். நீங்கள் போனவர்களுக்குப் பெயர்கள் எழுதிக் கொடுத்தீர்கள். அதில் ஒருவனுடைய அம்மாதான் குழாயடியில் என் குடத்தை உதைத்தவள்.

என் கையைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

பல்கியின் அம்மா

டேட்டன்
6 ஜனவரி 2026

என் ரக்கியா,

மூன்று கடிதம் போட்டேன், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அன்றைக்கு நான் எழுதியது தப்பு. மன்னித்துவிடு.

இங்கே புது உத்தரவு வந்துவிட்டது. நம் நாட்டுக்காரர்களுக்கு விசா கிடையாது. பதிலுக்கு நம் நாட்டிலும் அமெரிக்கர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்களாம். விசா மனுவைப் பார்க்கும் வக்கீலம்மா, "உங்க மேல ஒரு தப்பும் இல்லை. உங்க நாட்டுப் பேரு பட்டியல்ல வந்துடுச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

போதும். மார்ச் பத்தாம் தேதி கானோவில் வந்து இறங்குகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். பல்கியைக் கூட்டிக்கொண்டு டான்ஜும்மாவின் லாரியில் வந்துவிடு. எல்லையைத் தாண்டிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். தெருவோரம் கறி சுட்டு விற்றாவது மூன்று பேரும் ஒன்றாக இருப்போம்.

நீ சொன்னது சரி. நான்தான் அவர்களை நம்பினேன்.

உன்
சனூசி

அகாதெஸ்
24 பிப்ரவரி 2026

சனூசி,

உங்கள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. உயிரோடு இருக்கிற புருஷன் பெயரைத்தான் சொல்லக் கூடாது.

போன செப்டம்பரில் சீருடைக்காரர்கள் பல்கியை வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு போனார்கள். மறுநாள்தான் விட்டார்கள். என்னடி கேட்டாங்க என்றேன். "பாபாவைப் பத்தி" என்றாள். மூன்று நாள் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் அந்த அதிகாரி வந்து, "அடுத்த தடவை ரெண்டு பேரும் சேந்து வாங்கம்மா" என்றான்.

அக்டோபர் ஒன்றாம் தேதி தலையில் அடித்துக்கொண்டு தெருவில் ஓடினேன். அமெரிக்காவில் ஏதோ தொழிற்சாலை விபத்தில் நீங்கள் மவுத்தாகிவிட்டீர்கள், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று கதறினேன். உண்மை தெரிந்தவர்கள் உங்கள் தம்பி லவாலியும் டான்ஜும்மாவும் மட்டும். லவாலிதான் முன்னால் நின்று உங்களுக்காக ஜனாஸா தொழுகை நடத்தினான். அவன் குரல் நடுங்கவில்லை. குழாயடிப் பெண்கள் சோறு கொண்டுவந்து ஊட்டினார்கள். நான்கு மாதம் பத்து நாள், விதவை இருக்க வேண்டிய இத்தா முழுவதும் வாசல் தாண்டாமல் இருந்தேன். துக்கம் விசாரிக்க வந்த அதிகாரி என் கண்ணெதிரே பட்டியலில் என் பெயரை அடித்தான்.

பல்கியிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அழுததைப் பார்த்துத்தான் ஊர் நம்பியது.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். கானோவுக்கு வர மாட்டோம். ஒரு விதவை தன் மகளோடு எல்லை தாண்டினால் மறுபடி முதலிலிருந்து கேட்பார்கள். இனி கடிதம் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று டான்ஜும்மாவிடம் சொல்லிவிட்டேன். இதுதான் கடைசி.

போன வாரம் பல்கி கேட்டாள்: "பாபாவோட கபர் எங்கேம்மா இருக்கு? பெரியவளானதும் போய்ப் பாக்கணும்."

ஒஹாயோவில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

ரக்கியா