அப்பாவின் மூக்கு

ஸ்டான்லி, டாஸ்மேனியா
6 ஜூலை 1986

என் அருமை மெல்வாவுக்கு,

அக்கா தோரா எழுதுவது. நானும் டெஸ்ஸும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "சுகம், மழை போதவில்லை, திராட்சைக்கொடி வெட்டி முடிந்தது" என்று மூன்றே வரியில் எழுதி உறையை ஒட்டிவிடுவாய். தபால்தலைக்குக் கொடுத்த காசுக்காவது நாலு வரி கூட எழுதக் கூடாதா?

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து ஊர் சீஸ் ஆலையில் தரம் பார்க்கிற பெரியவர் செப்டம்பரோடு ஓய்வு பெறுகிறார். முகர்ந்து பார்த்தே இது தேறும், இது தேறாது என்று சொல்கிற வேலை. ஆலை மேலாளர் எங்கள் தெருக்காரர்தான். அவரிடம் போய், "என் தங்கச்சி சின்ன வயசுலயே தோட்டத்துல நரி வந்துட்டுப் போனதை மோந்தே சொல்லிடுவா" என்றேன். "அப்ப வரச் சொல்லும்மா, இங்க நரிய விட மோசமான வாடையெல்லாம் இருக்கு" என்றார். நல்ல மனுஷர்.

உனக்கு முப்பத்தேழு வயது. இன்னும் அப்பாவின் ஒயின் ருசிக்கூடத்தில் கோப்பை துடைத்துக்கொண்டு நிற்கிறாய். என் வீட்டில் கடலைப் பார்த்த அறை ஒன்று சும்மா கிடக்கிறது. நான் வந்து உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. டெஸ்ஸைக் கட்டிக்கொண்ட அன்று அப்பா சொன்னதை நீயும் கேட்டாய்: "கத்தோலிக்க மீன்காரனோட போறவ இந்தப் படிய மிதிக்க வேண்டாம்." பதினான்கு வருடமாக மிதிக்கவில்லை. அம்மாவின் அடக்கத்துக்குக்கூடக் கல்லறையோடு திரும்பிவிட்டேன். எனவே நீயாகத்தான் கிளம்பி வரவேண்டும்.

வருவாயா?

ஆசையுடன்,
தோரா

*

தனுண்டா, பரோசா
20 ஜூலை 1986

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். கடல் அறையை மூன்றாவது முறையும் படித்தேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். எழுபது வயதுக்கு முதுகு நேராகத்தான் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் உன் கடித உறையை மேசையில் வைத்தால், முகவரியைப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வைக்கிறார்.

நேற்று அடிலெய்டிலிருந்து இரண்டு சுற்றுலாப் பேருந்து வந்தது. எங்கள் இடம் அவர்களுக்கு நாலாவது கூடமோ ஐந்தாவதோ, எல்லாருக்கும் கன்னம் சிவந்திருந்தது. அப்பா வழக்கம்போல் கொள்ளுத்தாத்தா ஜெர்மனியின் சிலேசியாவிலிருந்து லுத்தரன் பைபிளும் திராட்சைக்கொடித் துண்டும் கொண்டு வந்த கதையைச் சொன்னார். எந்த இடத்தில் பெருமூச்சு விடுவார், எந்த இடத்தில் கோப்பையைத் தூக்குவார் என்று எனக்கு மனப்பாடம். ஒருத்தி என்னிடம், "இவ்ளோ அழகான இடத்துல இருக்கீங்களே, குடுத்து வெச்சவங்க" என்றாள். நான் சிரித்துவிட்டு அடுத்த கோப்பையைத் துடைத்தேன். அந்தக் கூடத்துக்கு இருப்பதே ஒரு ஜன்னல். அதையும் அப்பாவின் பெயர்ப்பலகை அடைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே என்ன அழகு என்று வந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என்னால் வர முடியாது அக்கா. காரணம் கேட்காதே.

உன்
மெல்வா

*

ஸ்டான்லி
29 ஜூலை 1986

அடி மெல்வா,

காரணம் கேட்காதே என்று எழுதினால் கேட்காமல் இருக்க நான் என்ன பாதிரியாரா?

யாராவது ஆள் இருக்கிறானா? இருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வா, கட்டில் பெரியது. கப்பலுக்குப் பயமா? ஒரு ராத்திரிதான், தூங்கிவிட்டால் தெரியாது. அப்பா பாவம் என்றா? தோட்டத்துக்கு ஆள் இருக்கிறார்கள், பேருந்தும் தானாக வருகிறது. கதை சொல்ல அவருக்கு நீ எதற்கு?

டெஸ் அதிகம் பேசமாட்டார், தெரியுமே. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "சிங்கி இறால் மாதிரிதான் உன் தங்கச்சி. கூண்டு வாய் தொறந்தேதான் இருக்கு. உள்ள போனது வெளிய வராது" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

ஒளிக்காமல் எழுது.

தோரா

*

தனுண்டா
10 ஆகஸ்ட் 1986

அக்கா,

எழுதிவிடுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. டெஸ்ஸிடம் சொல்லலாம், அவர் யாரிடமும் பேசப்போவதில்லை.

அப்பாவுக்கு மணம் தெரியாது. அம்மா இறந்த வருடம் அப்பா கடும் காய்ச்சலில் படுத்தாரே, அதோடு போயிற்று. ஆறு வருடமாகத் திரும்பவில்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு மட்டும் நாக்குக்குத் தெரியும். ஒயினும் தண்ணீரும் அவருக்கு நிறத்தில்தான் வேறு.

பள்ளத்தாக்கு முழுக்க அவருக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். மூக்கு ஆர்னோ. போட்டிக்கு நடுவர், பத்திரிகையில் படம், போத்தல் ஒட்டுச்சீட்டில்கூட அந்த மூக்கைத்தான் வரைந்திருக்கிறார்கள். ஜனங்கள் ஒயினை வாங்குவதில்லை, அந்த மூக்கைத்தான் வாங்குகிறார்கள்.

அதனால் நான் பக்கத்தில் நிற்கிறேன். போத்தலை நான்தான் திறப்பேன். தக்கையைப் பார்ப்பதுபோல முகர்ந்துவிடுவேன். சரியாக இருந்தால் துண்டு என் தோளில் இருக்கும். தக்கை கெட்டு, ஈரக் கோணி வாடை அடித்தால் துண்டை மேசையில் போடுவேன். உடனே அவர் கண்ணை மூடி, "இது இன்னும் தூங்கட்டும்" என்று போத்தலை ஒதுக்கி வைப்பார். கூட்டம் வாயைப் பிளக்கும். கொட்டகையில் எந்தப் பீப்பாயை எதோடு கலப்பது என்று ராத்திரி நான் சொல்வேன், காலையில் ஆட்களிடம் அவர் சொல்வார்.

நான் ஒரு வாரம் ஊரில் இல்லையென்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். சிரிப்பார்கள் அக்கா. அப்பா எதை வேண்டுமானாலும் தாங்குவார், அதைத் தாங்கமாட்டார். சில நாள் துண்டைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்துவிட்டு ரோட்டில் ஓடலாம் என்று வருகிறது. அப்போது அடுத்த பேருந்து வந்துவிடுகிறது.

மெல்வா

*

ஸ்டான்லி
19 ஆகஸ்ட் 1986

என் தங்கமே,

அடுப்பில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு ஏன் போட்டோம் என்று அழுதேன்.

அவரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை. இத்தனை வருடம் கோபமாகவே இருந்து பழகிவிட்டேன், அதில் ஒரு சௌகரியம் இருந்தது. ஆனால் உன் மேல் வரும் பரிதாபம் அதைவிடப் பெரியது. அவருக்குப் போனது மூக்கு மட்டும். நீ முழுசாகவே போய்விட்டாய்.

மேலாளர் நேற்றும் கேட்டார். "தங்கச்சி வருவாங்களா, இல்ல வேற ஆள் பாக்கட்டுமா? செப்டம்பர் இருபதுக்கு மேல என் கையில இல்லம்மா" என்றார். வருவாள் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரியாக்காதே.

அவரிடம் நேராகச் சொல். சிரிப்பார்கள் என்கிறாய். சிரிக்கட்டுமே, எத்தனை நாள் சிரிப்பார்கள்?

தோரா

*

தனுண்டா
31 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அக்கா,

நேற்று நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேவாலயத்தில் ஒரு அடக்க ஆராதனை. நான்தான் ஆர்கன் வாசிக்கவேண்டும். "பின் அலமாரிப் பெட்டிய தொடாதீங்க, அதுல தக்கை சரியில்ல, நான் வந்து பாக்கறேன்" என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கூடம் நிறைய ஆள். ஏதோ வங்கி ஊழியர்கள், உல்லாசப் பயணம். வாசலிலேயே ஈரக் கோணி வாடை என்னை அறைந்தது. பின் அலமாரிப் பெட்டி திறந்து கிடக்கிறது, அப்பா ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

வழுக்கைத்தலை ஒருவர் கோப்பைக்குள் மூக்கை விட்டு, "ஆஹா, மழை பெஞ்ச காடு!" என்றார்.

"அதேதான்!" என்றார் அப்பா. "லட்சத்துல ஒருத்தர்தான் கண்டுபிடிப்பாங்க."

உடனே எல்லாருக்கும் காடு வந்துவிட்டது. ஒரு அம்மாவுக்குக் காளான் வந்தது. "பழைய நூலக வாசனை கூட இருக்கே" என்றாள் ஒரு பெண். இரண்டு பெட்டி வேண்டும் என்றார்கள். அந்தத் தக்கை கெட்ட ஒயின், அக்கா! கழுவும் தொட்டியில் ஊற்றினால் தொட்டி நாறும்.

பேருந்து போன பிறகு நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. ஆறு வருடமாக எந்தச் சுவரைத் தாங்கிக்கொண்டு நின்றேனோ, அது நான் இல்லாமலே நிற்கும். ராத்திரி சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன்.

"அப்பா, நான் அக்காகிட்ட போறேன். உங்களுக்கு என் மூக்கு வேண்டியதில்ல. உங்க பேரே போதும்."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ரெண்டு வருஷமா தெரியும். நீ கொட்டகைக்குப் போயிருந்தப்போ ஒருநாள் வேணும்னே வெள்ளை ஒயின்ல பழைய காடிய ஒரு சொட்டு கலந்து குடுத்தேன். எலுமிச்சம்பூன்னான் ஒருத்தன்."

"அப்ப என்னை எதுக்கு அங்க நிக்க வெச்சீங்க?"

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். கோழி சூப் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அங்க யாருக்கு மூக்கு வேணும். இங்கதான் வேணும். நீ ஒரு வாய் எடுத்து வெக்கறப்போ உன் மூஞ்சி மாறும். அதப் பாத்துத்தான் நான் என்ன சாப்பிடறேன்னு எனக்குத் தெரியுது. உங்கம்மா செஞ்ச மாதிரி வந்திருக்கா, அடி புடிச்சுடுச்சா, எல்லாம் உன் மூஞ்சியிலதான். கூடத்துல வேல இல்லன்னா நீ போயிடுவியே. அதான். நீ போனா நனைஞ்ச காயிதத்த தின்னுட்டுப் படுத்துக்குவேன். செத்துடமாட்டேன். போகணும்னா போ."

அக்கா, மூக்குக்காக என்றால் உதறிவிட்டு வந்திருப்பேன். இதை எப்படி உதறுவது? முன்பு கட்டிப்போட்டிருந்தது ஒரு பொய். பொய்யிலிருந்து என்றைக்காவது தப்பிக்கலாம் என்று இருந்தேன். இது உண்மையாகப் போய்விட்டதே. இன்று மத்தியானம் சாப்பிடும்போது அவர் பார்ப்பதை நான் பார்த்துவிட்டேன். ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

மேலாளரிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல். என் மேல் கோபப்படாதே.

மெல்வா

*

ஸ்டான்லி
8 செப்டம்பர் 1986

மெல்வா,

மேலாளரிடம் சொல்லிவிட்டேன், நீ பதினெட்டாம் தேதி வருகிறாய் என்று.

நான் அங்கே வருகிறேன். அதிசயமாகப் பார்க்காதே, எனக்கும் ஒரு முகம் இருக்கிறது. சாப்பிட்டால் அதுவும் மாறத்தான் செய்கிறது. டெஸ், "போய்ட்டு வா, நான் மீனச் சுட்டுத் தின்னுக்கறேன்" என்றார். எவ்வளவு நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. நீயும் கேட்காதே, எனக்கே தெரியாது. இறால் பருவத்துக்குத் திரும்பவேண்டும் என்று ஆசை. பார்க்கலாம்.

முன்வாசல் படியை மிதிக்கக் கூடாது என்றால் சமையலறைப் பக்கமாக வருகிறேன். அங்கே படி கிடையாது.

பதினேழாம் தேதி புதன்கிழமை காலை என் கப்பல் மெல்போர்னுக்கு வரும். அதே கப்பல் அன்று மாலை திரும்பும். உனக்கு அதில் சீட்டு எடுத்துவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். நீ முந்தின நாள் ராத்திரிப் பேருந்தில் கிளம்பிவிடு. ஆனால் ஒன்று, காலையில் துறைமுகத்துக்கு வந்து நிற்காதே. எங்காவது கடைத்தெருவில் சுற்று, மாலையில் வா. உன்னைப் பார்த்தால் நான் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதே கப்பலில் உன்னோடு திரும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கடல் அறையில் போர்வை மாற்றியாயிற்று. ஜன்னல் கொஞ்சம் இறுகியிருக்கும், தோளால் இடித்தால் திறக்கும்.

உன் அக்கா,
தோரா

*

சமையலறை மேசை
16 செப்டம்பர், செவ்வாய்

அக்கா,

நீ இதைப் படிக்கும்போது நான் கடலில் இருப்பேன்.

நீ வருகிறாய் என்று முந்தாநாள் அப்பாவிடம் சொன்னேன். ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். "அவளுக்கு என்ன சமைக்கத் தெரியும்?" என்றார். மீன் என்றேன். முழு ரொட்டியையும் வெட்டி முடித்துவிட்டு, "முள்ளு இருக்குமே, பாத்து சாப்பிடச் சொல்லு" என்றார். இன்று காலை முகம் மழித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தவிர அவர் மழிப்பதில்லை.

சாப்பிடும்போது அவர் உன்னையே பார்ப்பார். முதலில் கூச்சமாக இருக்கும், அப்புறம் கோபம் வரும். பதினான்கு வருடக் கோபம் முகத்தில் வந்தால் பாவம், சாப்பாடுதான் கசக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அதனால் படவேண்டிய கோபத்தையெல்லாம் சாப்பிட உட்காரும் முன்னாலேயே பட்டுவிடு.

பேருந்துக்கு நேரமாகிறது. தாழ்வாரத்தில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார், என்னை நிறுத்தம் வரை கொண்டுவிடப் போகிறாராம்.

அடுப்பில் சூப் வைத்திருக்கிறேன். நான் ருசி பார்க்கவில்லை. அதை நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெல்வா