உறைந்துபோன ஊசிமருந்து

மார்ச் 4

இன்று கண் டாக்டரிடம் போனோம். போன வருடம் என் மனைவிக்கு நெற்றியில் வந்த அக்கி எப்போதோ ஆறிவிட்டது. இடது கண்ணில் மட்டும் ஒரு மங்கல் நின்றுவிட்டது. தையல் வேலை செய்கிறவளுக்கு மிச்சம் இருப்பது வலது கண்தான். திரும்ப வருமா என்று கேட்டேன்.

"வராதுன்னு சொல்ல முடியாது. தடுப்பூசி இருக்கு. ஆனா இங்க கிடைக்காது, வெளிநாட்டுல போட்டுக்கலாம். அம்பது தாண்டிடுச்சே, நீங்களும் போட்டுக்குங்க" என்றார், தெருமுனைக் கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல.

வெளிநாட்டில் எங்களுக்குத் தெரிந்தது ஒரே வீடு. மகளுடைய வீடு.

மார்ச் 9

சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

"கண்ணு போயிடுமோன்னு நான் துடிச்சப்போ எட்டிப் பாக்காதவ. அவ வாசல்ல போய் ஊசிக்கு நிக்கணுமா? நீங்க வேணா போங்க."

"புது வேலைடி. அவளுக்கு லீவு கிடைக்கல."

"உங்களுக்கு மட்டும் எல்லார் நியாயமும் தெரிஞ்சுடும்!"

லீவு கிடைக்காதது உண்மை. இவள் வலி தாங்காமல் தலையணையைக் கடித்ததும் உண்மை. ஒரு வருடமாகத் தாயும் மகளும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் நான், போனும் கையுமாக.

மார்ச் 10

மூளை வேலை செய்துவிட்டது! அவள் மருந்திடம் போகாவிட்டால் மருந்து அவளிடம் வரட்டும். இத்தனை வருடமாக ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவனுக்கு ஒரு குப்பியைக் குளிராகக் கொண்டுவரத் தெரியாதா?

ஏப்ரல் 12

மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் எனக்கு முதல் ஊசி போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொன்று போட வேண்டுமாம். கையைத் தூக்க முடியவில்லை, காய்ச்சல் வேறு.

"அம்மா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களாப்பா?"

"கேட்டாளே."

பொய். என் மூஞ்சியைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். எழுந்து போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

ஏப்ரல் 15

டாக்டர் சீட்டைக் காட்டி மனைவிக்கும் மருந்து வாங்கியாயிற்று. குளிராகவே இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது, ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்ற வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் மகளிடம் பாடம் நடத்தினார். எனக்கே பாடமா?

ஐஸ் பைகளை ஃப்ரீசரில் கல்லாக இறுக்கி, மருந்தைச் சுற்றி நாலு பக்கமும் நெருக்கி அடுக்கினேன்.

"அப்பா, துணி?"

"துணி சுத்தினா குளிர் எப்படிம்மா போய்ச் சேரும்? நீ சும்மா இரு."

ஏப்ரல் 17

ஊர் வந்ததும் நேராக கிளினிக். மனைவி ஏற்கெனவே வந்து, கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் குப்பியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை.

"ஐயா, இது உறைஞ்சு போச்சு."

"கொஞ்ச நேரம் வெளியில வெச்சா இளகிடுமே?"

"இளகும். ஆனா மருந்து கெட்டுப்போச்சு. இதைப் போடக் கூடாது."

அவள் நீட்டின கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என்ன திமிர் எனக்கு. அவ கண்ணுடா அது. நீ பழுது பாக்கற ஃப்ரிட்ஜா, மறுபடி பிரிச்சு மாட்ட?

ஏப்ரல் 18

மகள் போன் செய்தாள். "மருந்து..." என்று இழுத்தேன். அதற்குள் மனைவி ஸ்பீக்கரில் இருந்த போனைப் பிடுங்கிவிட்டாள்.

"உங்கப்பா பண்ணின காரியத்தைக் கேட்டியா? மருந்தை ஐஸ்கட்டியாக்கிக் கொண்டாந்திருக்காரு. ஊருக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் பாக்கற மனுஷன்!"

அந்தப் பக்கத்திலிருந்து மகள், "துணி சுத்துங்கன்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேம்மா!"

"சொன்னா கேக்கற ஜென்மமா இது?"

ஒரு வருடத்துக்குப் பிறகு பேசுகிறார்கள். பேசுவதற்கு விஷயம் நான். கல்யாணத்துக்கு முன்னால் நான் செய்த கூத்து வரை தோண்டி எடுத்தார்கள். ஆணி அடித்தாற்போல் நின்று கேட்டேன். திட்டு நிற்கக் கூடாதே என்று இருந்தது.

கடைசியில் மகளின் குரல் இறங்கியது. "நீயே வந்துடேம்மா."

இவள் போனை என்னிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 19

"அங்க ரொம்பக் குளிருமா?" என்று கேட்டாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

ஜூன் 14

இருவரும் மகள் வீட்டில். எனக்கு இரண்டாவது ஊசி, அவளுக்கு முதல் ஊசி. மருந்தை யார் கையிலும் கொடுக்காமல் கிளினிக்கில் அவர்களே எடுத்து அவர்களே போட்டார்கள். நல்ல ஏற்பாடு.

ஜூன் 16

அவளுக்கு இன்னும் கை தூக்க வரவில்லை. மகள் பின்னால் உட்கார்ந்து தலை வாரிவிட்டாள். அடுத்த அறையில் நான் தூங்குகிறவன்போலப் படுத்திருந்தேன்.

"அப்ப லீவு கேட்டேம்மா. அழுதே கேட்டேன், குடுக்கல."

"என்கிட்ட அழுதிருக்கலாமில்ல?" என்றாள் இவள்.

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு இவளே, "அடுத்த ஊசிக்கு ரெண்டு மாசம் ஆகுமில்ல? நான் இங்கயே இருந்து போட்டுக்கறேன். உங்கப்பாவை அனுப்பி வை. இருந்தா உன் ஃப்ரிட்ஜைப் பிரிச்சுப் போட்டுடுவாரு."

ஜூன் 21

நான் மட்டும் வீடு வந்து சேர்ந்தேன். சமைத்தேன். நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

போன் செய்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. சரி சரி என்றேன்.