மூன்றாவது ஒழுங்கை, நீலக் கேற்

மச்சான்,

இன்று காலை புதுவருடக் கலண்டரை மாட்டுவதற்கு ஆணி அடித்தேன். பழைய ஆணி துருப்பிடித்து விழுந்துவிட்டது. அட்டையைச் சுற்றியிருந்த கடதாசியைப் பிரித்ததும் அந்த மணம் வந்தது. மையும் பசையும் கலந்த, நம் அச்சகத்து டிசம்பர் மணம். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே வாய்க்குள் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். "ஆணியோடயா கதைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு என் மனைவி உள்ளே போனாள். ஆணியோடு இல்லை, உன்னோடுதான் கதைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

கல்முனைப் பிரதான வீதியில் இருந்த அந்த அச்சகத்தில் நீயும் நானும் பன்னிரண்டு வருடம் ஒரே மேசையில் நின்றோம். நாளுக்கொரு தாளாகக் கிழிக்கும் திகதிக் கட்டுகள் கொழும்பிலிருந்து வந்து இறங்கும். அட்டையில் கடையின் பெயரை அடித்து, கட்டை வைத்து, கம்பியால் தைத்துக் கொடுப்பது நம் வேலை. டிசம்பர் முழுக்க அதுதான். சாய்ந்தமருதுப் புடவைக் கடைக்கும் காரைதீவு உரக் கடைக்கும் ஒரே கட்டு. ஒரே தாளில் தொழுகை நேரமும் இருக்கும், ராகு காலமும் இருக்கும். "ரெண்டு பேரும் கிழிக்கிறது ஒரே தாளைத்தானே, மறுகா என்னத்துக்குச் சண்டை?" என்பாய், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

மற்றவர்களுக்கெல்லாம் வருடத்துக்கு ஒரு புத்தாண்டு. நமக்கு மூன்று. ஜனவரி பொது, முஹர்ரம் எனக்கு, சித்திரை உனக்கு. தீர்மானம் எடுத்து அதை உடைப்பதற்கு இதைவிட வசதியான இடம் உலகத்தில் கிடையாது. ஜனவரி முதலாம் திகதி நீ வெற்றிலையை விடுவாய். பொங்கல் வருவதற்குள் சரிபார்க்க வைத்த தாளில் சிவப்புப் பொட்டு விழும். "இது ஒத்திகை மச்சான், உண்மையா விடுறது சித்திரையில" என்பாய். நான் கோபத்தை விடுவேன். இயந்திரம் ஒரு தாளைச் சப்பினால் போதும், என் கையில் இருக்கும் ஸ்பானர் பறக்கும். "பயப்படாத, ஒனக்கு இன்னும் முஹர்ரம் கிடக்கு" என்று அதைப் பொறுக்கி வந்து தருவாய்.

இவையெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத ஒரு தீர்மானமும் இருந்தது. உன் வீட்டுக்கு வந்து ஒரு நேரம் சோறு தின்பது.

நீ எங்கள் வீட்டுக்கு எத்தனை முறை வந்திருப்பாய்! நோன்புப் பெருநாள் ஒன்றைக்கூட விட்டதில்லை. என் மனைவி வட்டிலப்பத்தை வெட்டும்போதே உன் மகளுக்கென்று ஒரு துண்டை ஒதுக்கி வைப்பாள். நீ தினமும் காரைதீவிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, எங்கள் சாய்ந்தமருதைத் தாண்டித்தான் கல்முனைக்கு வருவாய். மழைக்கு ஒதுங்கினாலும் எங்கள் வீடுதான். நானோ உன் ஊரைப் பஸ்ஸில் கடந்து அக்கரைப்பற்றுக்குப் போவேன், வருவேன். ஒரு நாளும் இறங்கியதில்லை.

வழி மட்டும் எனக்கு மனப்பாடம். "கோயிலடியில இறங்கு. கடல் பக்கமாத் திரும்பு. மூணாவது ஒழுங்கை. நீலக் கேற். கேற்றத் தட்டாத, தள்ளிற்று வா." எத்தனை தரம் சொல்லியிருப்பாய். "இந்தச் சித்திரைக்கு வாறன் மச்சான்" என்று நானும் ஒவ்வொரு ஜனவரியிலும் சொல்வேன். சித்திரை வந்தால் காய்ச்சல் என்பேன், விருந்தாட்கள் என்பேன். நீ ஒரு தடவைகூட ஏன் பொய் சொல்கிறாய் என்று கேட்டதில்லை. ஏனென்று உனக்குத் தெரியும்.

நாம் பழகுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு என் வாப்பா வயலுக்குப் போனார். திரும்பி வரவில்லை. வெட்டி அடுக்கிய கதிருக்குப் பக்கத்தில் சுடப்பட்டுக் கிடந்தார். சுட்டது யாரென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. தமிழன் என்று ஊர் சொன்னது, நானும் சொன்னேன். அவரை அடக்கிய கபுறடியிலிருந்து வந்து, உம்மாவின் முன்னால் நின்று, இனி ஒரு தமிழன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ தீர்மானம் எடுத்திருக்கிறேன். ஒன்றே ஒன்றைத்தான் ஒழுங்காகக் காப்பாற்றினேன், அதுவும் போயும் போயும் இதை. உனக்கும் ஒரு தம்பி இருந்தான் என்றும், அதே மாதங்களில் யாரோ வந்து அவனைக் கூட்டிப் போனார்கள் என்றும் பிற்பாடு வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். கூட்டிப் போனவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று நீ என்னிடம் வாய் திறந்ததில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

எனக்குரிய கலண்டரை ஒவ்வொரு வருடமும் நீதான் தைப்பாய். அச்சுக் கோணிப்போய் ஒதுக்கிய அட்டையில், நல்ல கட்டாகப் பார்த்து. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள் தாளின் பின்பக்கத்தில் நீலப் பேனையால் ஒரு வரி எழுதி வைத்திருப்பாய். புத்தாண்டுக் காலையில் நான் அந்தத் தாளைக் கிழிக்கும்போது உன் எழுத்து கையில் வரும். ஒரு வருடம், "கத்தரிக்காய்க் குழம்பு ஆறுது." இன்னொரு வருடம், "காய்ச்சல் சுகமா?" சிரித்துக்கொண்டே மடித்துச் சட்டைப் பையில் போடுவேன். விடுமுறை முடிந்து வேலைக்கு வந்ததும் நீ ஒன்றும் கேட்க மாட்டாய். பலகாரப் பொட்டலத்தை மட்டும் என் பக்கமாகத் தள்ளி வைப்பாய்.

கடல் வந்த வருடமும் அப்படித்தான். சனிக்கிழமை பின்னேரம் என் கலண்டரைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தாய். "முதலாம் திகதிக்கு முன்ன பிரிக்காத" என்று சொல்லி சைக்கிளில் ஏறினாய். நாம் கடைசியாகக் கதைத்தது அதுதான். ஞாயிறு காலை கடல் எழும்பி வந்தது.

எங்கள் வீடு வயல் பக்கம் இருந்தபடியால் நாங்கள் தப்பினோம். இரண்டு நாட்கள் எங்கள் ஊரில் இறந்தவர்களின் ஜனாசாக்களைத் தூக்கினேன். யாருடைய பிள்ளை, யாருடைய உம்மா என்று பார்க்க நேரமில்லை. மூன்றாம் நாள் காலை நடந்தே உன் ஊருக்கு வந்தேன். செய்த சத்தியம் வழியில் எனக்கு ஞாபகம்கூட வரவில்லை. கோயிலடிக்கு வந்து கடல் பக்கமாகத் திரும்பிய பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. மூக்கில் துணி கட்டிய ஒருவர், "ஆரத் தேடுறீங்க தம்பி?" என்றார்.

"மூணாவது ஒழுங்கை. நீலக் கேற்."

அவர் என்னைப் பார்த்தார். "ஒழுங்கை எங்க தம்பி கிடக்கு?" என்றார்.

உண்மைதான். எண்ணுவதற்கு ஒழுங்கையே இல்லை. அத்திவாரங்களும் மணலும்தான் கிடந்தன. ஒரு தடவையாவது வந்திருந்தால் கிணற்றைப் பார்த்தோ மரத்தைப் பார்த்தோ உன் வளவைக் கண்டுபிடித்திருப்பேன். எனக்குத் தெரிந்தது நீ சொன்ன சொல் மட்டும்தான். வெயில் ஏறும் வரைக்கும் அலைந்தேன். கடைசியில் ஒரு தென்னையின் அடியில் நீலக் கேற் வளைந்து கிடந்தது. அது உன்னுடையதுதானா என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. அதில் கையை வைத்துக்கொண்டு அழுதேன். வாப்பாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

உன்னை முதல்நாளே மற்றவர்களோடு சேர்த்து அடக்கிவிட்டார்கள். உன் மனைவியும் மகளும் கடல் வந்த அன்று காலை நாவிதன்வெளிக்கு, அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். பள்ளிக்கூட முகாமில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரென்று சொல்லும் முன்பே உன் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணன், உங்களுக்கெண்டு அவர் ஒரு பானையும் பீங்கானும் வாங்கி வச்சிருந்தாரு" என்றாள். "நாங்க அதில ஒண்டும் காய்ச்சினதில்ல. சித்திரைக்குச் சித்திரை எடுத்துக் கழுவி வைப்பாரு. நாங்க அண்டைக்கு மரக்கறிதானே, இதுக்கெதுக்குப் புதுப்பானை எண்டு கேட்டன். முந்தி என்ன இறைச்சி காய்ச்சின பானையோ எண்டு நினையாம, அவன் ஒரு யோசனையும் இல்லாமத் தின்னணும் எண்டாரு."

மகளின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன்.

அச்சகத்தில் அந்த வருடத்துக் கலண்டர்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கடற்கரையோரக் கடைகளின் பெயர்கள் எல்லாம் அட்டையில் பளபளத்தன. கடைகள் இல்லை, வாங்கிப் போக ஆட்களும் இல்லை. முதலாளி ஒவ்வொரு கட்டாகத் தூக்கிப் பெயரை வாசித்துவிட்டுக் கீழே வைத்தார்.

நீ தந்ததை ஜனவரி முதலாம் திகதி பிரித்தேன். சித்திரைத் தாளை அப்போதே புரட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நாளுக்கொரு தாளாகத்தான் கிழித்தேன். அந்தக் காலை வந்தது. கிழித்துத் திருப்பினேன்.

"இந்தமுற நீ வராட்டி நானே வந்து கூட்டிற்றுப் போவன்."

உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கோயிலடி வந்தது. கொண்டக்டர் "இறக்கம் இருக்கா?" என்று கத்தினான். நான் வாயைத் திறக்கவில்லை மச்சான். பஸ் என்னையும் கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போனது. அங்கே ஒரு தேநீர்க் கடையில் வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். நீ இருக்கும்போது வராதவன், நீ இல்லாத வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாட்டு. அதற்குப் பின்னால் சண்டை மறுபடி மூண்டது. சோதனைச் சாவடி, கடத்தல், ஹர்த்தால் என்று ஒவ்வொரு சித்திரைக்கும் எனக்கு ஒரு புதுச் சாட்டு கிடைத்தது.

சண்டை முடிந்தது என்று வீதியில் பட்டாசு கொளுத்திப் பாற்சோறு கொடுத்த நாளில் எனக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. இனிச் சாட்டு இல்லை என்று மட்டும் தோன்றியது. அடுத்த ஜனவரியில் உம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் செய்த சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். உடைத்தால் உங்களுக்கு மனம் நோகுமா என்று கேட்டேன். உம்மா தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்தினா.

"நான் ஒன்னட்டச் சத்தியம் கேட்டனா மகன்? நீ ஒன்ட கோவத்துல சொன்ன. நான் பேசாம இருந்தன். பேசாம இருந்தா ஓம் எண்டு அர்த்தமா?" பிறகு என் தாடையைப் பிடித்து, "அந்தப் புள்ள மழைக்கு வந்து இந்த வாசல்லதானே நிண்டான். ஒருநாள் நீங்க ரெண்டு பேரும் சேந்து அங்க போவீங்க எண்டு நினைச்சன்" என்றா.

இருபது வருடமாக உம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறேன். அவவுக்கே தெரியாமல்.

அந்தச் சித்திரையில் கோயிலடியில் இறங்கினேன். உன் வழி இப்போது உதவாது. கடலுக்கு எதிர்ப் பக்கம், வயலோரம், வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் உன் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். விசாரித்து விசாரித்துப் போனேன். உன் மகள் வளர்ந்துவிட்டாள். மருத்துநீர் வைத்து முழுகிய ஈரத் தலையோடு எட்டிப் பார்த்து, "அம்மா, ஆரோ வந்திருக்காங்க" என்றாள். உன் மனைவி வந்து பார்த்தாள். உள்ளே போய், மேல்தட்டிலிருந்து ஒரு பானையையும் பீங்கானையும் இறக்கிக் கழுவினாள்.

"அவர் வாங்கினது கடலோட போயிற்று அண்ணன். இது நான் வாங்கினது. முகாமால இந்த வீட்டுக்கு வந்த உடன."

புதுப்பானையில் சோறு வேகும் வரைக்கும் காத்திருந்தேன். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, அப்பளம். ஒரு யோசனையும் இல்லாமல் தின்றேன் மச்சான். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றேன். புறப்படும்போது பழக்க தோஷத்தில், "அடுத்த வருசமும் வாறன் தங்கச்சி" என்றேன்.

"வாறன் எண்டு சொல்லாதீங்க" என்றாள். "அந்தச் சொல்லை அவரும் கேட்டுக் கேட்டுக் களைச்சிற்றாரு. சொல்லாம வாங்க."

அதிலிருந்து நான் ஜனவரியில் தீர்மானம் எடுப்பதில்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது. இன்று காலைகூட அந்த ஆணி வளைந்ததற்கு என் வாயில் வந்ததை நீ கேட்டிருந்தால் முஹர்ரத்தை ஞாபகப்படுத்தியிருப்பாய். நீ கடைசியாக எழுதிய தாள் என் பணப்பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, இரண்டு தடவை ஒட்டியாகிவிட்டது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த வீட்டுக்குக் கொடுத்த கேற் துருநிறத்தில் இருந்தது. இரண்டாம் வருடம் நான் போனபோது ஒரு பேணி நீலப் பெயின்றும் பிறஷும் கொண்டுபோனேன். கடல் காற்றுக்கு அது வருடத்துக்கு வருடம் உரிந்துவிடும். அதனால் சித்திரைக்கு ஒரு கிழமை முன்னதாகவே போய்ப் பூசிவிட்டு வருவேன். உன் மகள் பேணியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இதில விட்டுட்டீங்க, அதில விட்டுட்டீங்க" என்று வேலை வாங்குவாள். புத்தாண்டன்று பெயின்ற் காய்ந்திருக்கும்.

நான் தட்டுவதில்லை மச்சான். தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.