மருமகனின் ஊர்

ஸ்காபரோ, ஒக்டோபர் 1996

என் பிடிவாதக்கார மகளுக்கு,

குழந்தையின் படம் கிடைத்தது. மூக்கு எங்களுடையது. கண்ணைத்தான் ஆராய வேண்டியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் உன் வெள்ளைக்காரப் பொடியனை வாசலில் நிறுத்தி, "எந்த ஊர்? ஆரின்ரை ஆக்கள்?" என்று கேட்டேன். விசாரிக்காமல் பெண் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவரோ அதை உண்மையான கேள்வி என்று எடுத்து, தன் வம்சாவளியை எழுதி அனுப்பினார். அந்த உறையை நான் திறக்கவில்லை. கலியாணத்துக்கும் வரவில்லை.

படம் வந்த அன்றுதான் திறந்தேன். தகப்பன் வழி வேல்ஸ் மலைநாடு, தாய் வழி தெற்கு இங்கிலாந்து. அதோடு விட்டேனா? அகராதியும் கையுமாக ஆறு கிழமை நூலகத்தில் இருந்தேன். கப்பலில் வந்த சாக்சன்காரர், அதுதான் இங்கிலாந்துக்காரரின் முன்னோர், அங்கிருந்த கெல்ட் சனங்களை மேற்கே வேல்ஸ் மலைகளுக்குத் தள்ளினார்களாம். ஆயிரத்தைந்நூறு வருடமாகியும் அந்தச் சனங்கள் தங்கள் பாஷையை விடவில்லை. தள்ளியவர் வழித் தாய்க்கும் தள்ளப்பட்டவர் வழித் தகப்பனுக்கும் பிறந்தவர் என் மருமகன்!

போன வெள்ளி கோயிலில் பரிமளம் அன்ரி, "பொடியன் எந்த இடம்?" என்று இழுத்தா. அரை மணித்தியாலம் சொன்னேன். "என்ரை மருமகன்ரை பக்கம் எனக்குப் பாட்டனுக்கு மேல தெரியாது" என்று அடங்கிப்போனா.

நான் விசாரித்து முடித்தாயிற்று. நல்ல இடம். இனி எங்களை விசாரிப்பது அவருடைய முறை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு வரச் சொல். இந்த முறை வாசலில் நிறுத்தமாட்டேன்.

இன்னும் உன்
அம்மா