கம்பளி போர்த்திய போன்கள்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

பேத்தி சுதா, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கண்ணாடி உடைந்த போன்களையெல்லாம் கேட்டு வாங்கி ஒரு பலகையில் வயர் போட்டு இணைத்திருக்கிறாள். அவை ராப்பகலாகக் கணக்குப் போட்டால், இன்டர்நெட்டில் மட்டும் புழங்கும் காசு கிடைக்குமாம்.

"ஒங்க பேத்தி காத்துல காசு புடிக்கிறாளாக்கும்?" என்று பக்கத்து வீட்டு ராசம்மா கேலி செய்தாள்.

"புடிப்பாடி. ஒனக்கும் கத்துக் குடுப்பா" என்றேன்.

இன்று மலையே தெரியாத பனி. சுதா பதுளை டவுனுக்கு வகுப்புக்குப் போயிருந்தாள். போன்களுக்குக் குளிருமே என்று என் கம்பளியைப் போர்த்திவிட்டேன். சாயங்காலம் தொட்டால் பலகை கொதிக்கிறது, ஒரு பச்சை வெளிச்சமும் இல்லை. பிள்ளை ஒரு வருஷமாகப் பாடுபட்டுச் செய்தது. கம்பளியை எடுக்கவும் தோன்றாமல் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சுதா வந்து கம்பளியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மாயி, இதுகளுக்குக் குளிருதான் புடிக்கும்."

ஜன்னலைத் திறந்துவிட்டாள். பனி வீட்டுக்குள் நடந்து வந்தது. போன்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. ஓரத்தில் இருப்பது மட்டும் விழிக்கவில்லை. அது நான் கொடுத்தது.

ஜன்னலை மூடாமல் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு எழுதுகிறேன். கண் சொக்குகிறது. பனிக்குள்ளே, ஓரத்தில், பச்சையாக ஏதோ மினுங்குகிறது. என்னுடையதாகத்தான் இருக்கும்.