கஷாயம் காய்ச்சியது நான்தான், அக்கா

அக்கா,

நேற்று மகளுக்காகக் கருஞ்சீரகம் வறுத்தேன். வாசனை எழுந்ததும் கை நின்றுவிட்டது. அவளுக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "ஒரு மாசம் ரெஸ்ட் எடு" என்று சீட்டு எழுதி அனுப்பினாள். மறைமலை நகரில் ஷிஃப்ட் முடித்த மாப்பிள்ளை நேரே வந்து கூட்டிப்போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. உன்னிடம் எத்தனை பேர் கேட்டார்கள்!

ஒரே வீட்டில் நீ மூத்த மருமகள், நான் இளையவள். எட்டு வருஷம் காத்திருந்து உனக்கு உண்டான பிள்ளை ஆறாம் மாதம், நடவு நட்டுவிட்டு வந்த மத்தியானம், தானாக விழுந்தது. ஊர் வழக்கப்படி பெற்றவள் கண்ணில் காட்டாமல், பழைய புடவையில் சுற்றி நான்தான் புழக்கடையில் புதைத்தேன். வெளியே சொல்லவும் கூடாது. சொன்னால் அடுத்தது தங்காது என்பார்கள். பிறகு வயிறு சுத்தமாகட்டும் என்று கருஞ்சீரகக் கஷாயம் கொடுத்தேன். "இன்னாடி இது, வேப்பெண்ணெயே தேவலாம்" என்று முகம் சுளித்தாய். அந்த நிலையிலும் உனக்குக் கேலி.

உன் வீட்டுக்காரர் பட்டணத்தில் வேலை பார்த்து மாதம் ஒருமுறை வருபவர். ஊர் வாய்க்கு அது போதாதா? கள்ளக் கருவைக் கலைத்துப் புதைத்துவிட்டாள் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள். அப்போதெல்லாம் கருவைக் கலைத்தால், கலைத்துக்கொண்டவளுக்கும் ஜெயில்தான். போலீஸ் வந்து தோண்டியது.

"ஒளிச்சுப் பொதச்சிகிறீங்களே, இன்னா மருந்து குட்த்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

உன்னைக் கவனிக்காமல் விட்டோம் என்று நினைத்துவிடப் போகிறாரே என்று இந்த முந்திரிக்கொட்டை முந்திக்கொண்டது. "நான்தாங்க கஷாயம் வச்சிக் குட்த்தேன். நல்லாத்தான் பாத்துக்கினோம்." எப்போது கொடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது படித்தவள் என்ற பெருமை வேறு.

என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். என் இடுப்பில் கைக்குழந்தை. நீ குறுக்கே வந்தாய். "அவ இன்னா பண்ணுவா? நான் கேட்டேன், குட்த்தா. பச்சப் புள்ளக்காரி, வுட்ருங்க." நான் வீட்டில் நின்றேன். நீ போனாய்.

ஜாமீனில் வந்த பிறகும் உதிரம் நிற்கவில்லை. அதோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் சிங்கப்பெருமாள் கோவில் வரை பஸ், அப்புறம் ரயில், கோர்ட்டில் நாள் முழுக்க நிற்பது. கடைசியில் சாட்சி போதாது என்று விட்டார்கள். நீ செய்யவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். நீ தாய் வீட்டுப் பாயில் படுத்தாய்; அதிலிருந்து எழவே இல்லை.

கடைசியாக நான் உன்னைப் பார்க்க வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாய்: "பொண்ணா, பையனாடி?"

தோண்டியெடுத்த பிள்ளையைப் பரிசோதித்த டாக்டர் இங்கிலீஷில் எழுதியதைப் போலீஸ் படித்தது, வக்கீல் படித்தார், ஜட்ஜும் படித்தார். பெற்ற உனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நீ தாங்கமாட்டாய் என்று நானும், "நான் பாக்கலக்கா" என்றேன். பொய். அந்தப் பொய்யோடுதான் இத்தனை வருஷம் இருக்கிறேன்.

பெண் குழந்தை, அக்கா. உன்னைப் போலவே அகன்ற நெற்றி.