வலி எடுத்த மணி

மார்ச் 3, செவ்வாய்
விடாத மழை. நாத்தனார் கோக்குசிமாவின் தாள்கள் சாப்பாட்டு மேசையை விட்டு நகரவில்லை. வாழைக்காய் மத்தோக்கேயைத் தட்டில் போட்டு மடியில் வைத்துச் சாப்பிட்டோம். அவள் பயிற்சி டாக்டர். பிரசவத்துக்கு வரும் பெண்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் இஷெங்கோமா முன் படிக்க வேண்டும். "ஊசி போடத் தெரிஞ்சா போதாதா, உனக்கெதுக்கு ஆராய்ச்சி"ன்னு வார்டில் சிரிக்கிறார்களாம். "இதுவும் சொதப்பினா விட்டுடுவேன் அண்ணி."
எனக்குத் தெரிந்தது கோடு போடுவது. முப்பத்தொரு தாளையும் ஒரே நோட்டில் ஏற்றித் தருகிறேன் என்றேன்.

மார்ச் 4
பெண்ணுக்கு ஒரு தாள்: வலி எடுத்த மணி, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த மணி, டாக்டர் பார்த்த மணி. எல்லாரும் ஆறேழு மணி நேரம் வீட்டிலேயே கிடந்திருக்கிறார்கள். இவ்வளவு அலட்சியமா? மாதாவே.

மார்ச் 5
பதினேழாம் தாள். பிப்ரவரி 6, எங்கள் தெரு. பக்கத்து வீட்டு அட்வென்டினாவேதான். வலி 2, வாசல் 9. ஏழு மணி நேரமா? மோட்டார் சைக்கிளில் அவளைப் பிடித்துக்கொண்டு போனவளே நான்தானே! வலி எடுத்து ஒரு மணி நேரத்தில் வாசலில் நின்றோம். டாக்டர் வந்தது மதியம் ஒன்றுக்கு. குழந்தை தங்கவில்லை.
ஜெபமாலை பாதியில் உறைத்தது — அவள் சொன்னது நம் ஊர் மணி, விடியலிலிருந்து எண்ணுவது. விடிந்து இரண்டு, ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் அது எட்டு. நர்ஸ் காதில் விழுந்ததை அப்படியே எழுதி, வாசல் மணியை மட்டும் கடிகாரம் பார்த்துப் போட்டிருக்கிறாள். மற்ற தாள்களும் அப்படித்தான்.
கோக்கு தலையில் அடித்துக்கொண்டாள். "நானும் இந்த ஊர்க்காரிதானே! எனக்கெப்படித் தோணாமப் போச்சு?" பிறகு நோட்டின் கடைசிப் பத்தியை, டாக்டர் பார்த்த மணியைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "அவங்க லேட்டில்ல அண்ணி. நாங்கதான் லேட்டு. இதை அவர்கிட்ட எப்படிப் படிக்கறது?"
"இருக்கறதைப் படி," என்றேன்.

மார்ச் 6
தவக்கால வெள்ளி, உபவாசம். அவளுக்காகவும்.
மாலை வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒருத்தரும் சிரிக்கல அண்ணி. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழட்டினார். 'பதினேழாம் தாள் அன்னிக்கு டியூட்டி நான்தான்'னார். அப்புறம், 'நூறு பேர்கிட்டக் கேளு. அனுமதிக்கு நான் கையெழுத்துப் போடறேன்'னார்."

மார்ச் 15, ஞாயிறு
பூசை முடிந்து வந்தால் மேசை நிறையப் புதுத் தாள். மேலே அவர் கையெழுத்து. வெங்காயம் கேட்டு வந்த அட்வென்டினா வாசலிலேயே நின்றாள். கோக்கு எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். "அன்னிக்கு நீ லேட்டா வரலக்கா."
அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்று மடியில் மூன்று தட்டு.